பார்க்க மட்டும் அனுமதி

நான் வேலை செய்த கந்தோரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: வாச்சர் நோனா, அதாவது காவல்கார அம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். தேநீர் ஊற்றும் மூலையில் நின்று சொல்லிச் சிரிப்பார்கள், நான் உள்ளே வந்தால் சீனிப் போத்தலைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்கள். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. கேட் என்று ஒன்று இருந்தால் அதற்கு வாச்சர் ஒருவர் வேண்டும்தானே. அந்த வேலையைத்தான் எனக்குத் தந்திருந்தார்கள், நானும் ஒழுங்காகச் செய்தேன்.

மாத்தளை டவுனில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். சீகிரியாப் பக்கம் சின்னச் சின்ன விடுதி நடத்துகிறவர்களுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் செய்துகொடுத்தோம். எங்கோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் அறை கேட்டால், சீகிரியாவில் வீட்டோடு சேர்த்து நாலு அறை கட்டி வைத்திருக்கும் பெண்ணின் போனில் அது போய் விழும். நடுவில் அதை வாங்கிக் கொடுப்பது எங்கள் மெஷின்கள். அந்த மெஷின்களைக் காப்பது நான்.

மெஷின் என்றால் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. குளிரூட்டிய சின்ன அறை ஒன்றில் இரண்டு பெரிய பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. அவற்றுக்குள் மென்பொருளாலேயே பல கணினிகளை உண்டாக்கி ஓடவிட்டிருந்தோம். ஒவ்வொன்றும் தன்னை ஒரு முழுக் கணினி என்று நினைத்துக்கொண்டு தன் பாட்டில் வேலை செய்யும். புத்தகங்களில் மெய்நிகர் இயந்திரம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அக்கா சொன்ன விளக்கம்தான் பிடிக்கும்: “தோட்டத்து லயத்துக் காம்பரா மாதிரி தங்கச்சி. கூரை ஒன்னு, காம்பரா பல. ஒவ்வொரு காம்பராவிலயும் தனி அடுப்பு எரியுது.” அந்தக் காம்பராக்களுக்கு மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய், கறுவா என்று பெயர் வைத்திருந்தோம். வாசனைத் திரவியம் விளையும் மாத்தளையில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் வேறு என்ன பெயர் வரும்?

அக்கா என்று சொல்வது என் கூடப் பிறந்தவரை அல்ல. எனக்குப் பின்னால் இருந்த மேசைக்காரர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், என்னோடு சேர்ந்து மெஷின்களைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆள். யட்டவத்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கொழும்பில் படித்து, கல்யாணம் கட்டியபின் யட்டவத்தவிலேயே வீடு எடுத்துக்கொண்டவர். அவருடைய புருஷன் மிளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்ததிலிருந்து பாரமான வேலை செய்ய முடியாதவர். மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்காக மாத்தளைக்கு வந்தவர்கள். அக்காவோடு பேசிப் பேசியே என் தமிழ் கெட்டுப்போனது என்று அம்மா குறைப்படுவார். கெடவில்லை, நன்றாகத்தான் ஆனது என்று நான் வாய் காட்டுவேன்.

ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மெஷினிடம் ஒருவர் நாலு விதமாகப் போகலாம். அதைப் பார்க்கலாம். அது ஓடுகிறதா, களைத்திருக்கிறதா என்று தெரியும், வேறு ஒன்றும் செய்ய முடியாது. அதைத் திறக்கலாம். உள்ளே போய் வேலை செய்யலாம். அதை நிறுத்தலாம். கடைசியாக, அதை அழிக்கலாம். இந்த நாலுக்கும் தனித்தனி அனுமதி. இதற்கெல்லாம் மேலே, அனுமதி கொடுக்கிற அதிகாரம். அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் இருந்தது. நான் கஞ்சத்தனமாகத்தான் கொடுப்பேன். முதலாளிக்கே பார்க்க மட்டும்தான் கொடுத்திருந்தேன். என் காசில் வாங்கிய மெஷினை நான் தொடக்கூடாதா என்று அவர் சிங்களத்தில் சண்டைக்கு வந்தார். உங்களுடையது என்பதால்தான் சேர், என்று நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டுப் போனார். ஒருவருடைய கணக்கில் இன்னொருவர் கை வைத்தால் எனக்குப் பேய் பிடித்த மாதிரி வரும். தேநீர் எடுக்கப் போகும்போது திரையைப் பூட்டாமல் போனவர்களை நான் ஏசிய ஏச்சுக் கீழே புடவைக் கடைக்கும் கேட்டிருக்கும்.

நாட்டில் டீசலும் இல்லை, கரண்டும் இல்லை என்று கிடந்த காலம் வந்தது. ஜெனரேட்டரில் ஊற்ற இருந்தது கொஞ்சம்தான், ஆகவே இரண்டு பெட்டிகளில் ஒன்றை மாறி மாறி அணைத்து வைத்தோம். அணைப்பதற்கு முன்னால் அதில் ஓடுகிற மெஷின்களை, ஓட ஓடவே, மற்றப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். கொதிக்கிற சோற்றுப் பானையை ஒரு அடுப்பிலிருந்து மற்ற அடுப்புக்குத் தூக்கி வைக்கிற மாதிரி வேலை. அந்தக் காலத்தில் மிளகு நின்று எழும்பியது, ஏலம் பல தடவை விழுந்தது. கறுவா மட்டும் நிற்கவே இல்லை. அது நானும் அக்காவும் சேர்ந்து முதலில் உண்டாக்கிய மெஷின். அதை நிற்க விடக்கூடாது என்று எங்கள் இருவருக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது.

அந்த நாட்களில்தான் என் வயிற்றில் இருந்த பிள்ளையின் துடிப்பு நின்றுபோனது. ஐந்தாம் மாதம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து வந்த பிள்ளை. என்னை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கடவுளைப் பற்றியும் அடுத்த பிள்ளையைப் பற்றியும் பேசினார்கள், எனக்கு அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது. அக்கா வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் போனை எடுத்து, எங்கள் மெஷின்களின் பட்டியலைத் திறந்து என் கையில் தந்தார். கறுவாவின் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பச்சைப் புள்ளி. “ஓடிக்கிட்டு இருக்கு தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்” என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அந்த நேரத்தில் உலகத்தில் ஏதாவது ஒன்று நிற்காமல் ஓட வேண்டியிருந்தது. அது என்னவென்று எனக்குக் கவலை இல்லை. அக்காவுக்கு அது விளங்கியது, வேறு யாருக்கும் விளங்கவில்லை.

சுற்றுலாக்காரர்கள் திரும்ப வந்து தொழில் எழும்பிய பிறகு, முதலாளி கந்தோரைக் கொழும்பில் இருக்கும் பெரிய கம்பனி ஒன்றுக்கு விற்றார். புதியவர்கள் வந்ததும் முதலில் என்னிடம் கேட்டது ஒரு நடைமுறை: வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதிகளை எப்படி எடுப்பது? நான்தான் எழுதிக் கொடுத்தேன். போகிறவருக்குச் செய்தி சொல்வதற்கு முன்னால் அனுமதிகளை எடுத்துவிட வேண்டும். ஒரேயடியாக எடுக்கக்கூடாது. முதலில் கொடுக்கிற அதிகாரம், பிறகு அழிப்பது, பிறகு நிறுத்துவது. அதற்குப் பின் அவர் திறந்து வைத்திருக்கிற மெஷின்களை அவரே மூடும்வரை பொறுத்திருக்க வேண்டும், பாதி வேலையில் வெட்டினால் மெஷின் கெடும். மூடியதும் திறக்கிற அனுமதி. கடைசியில் பார்க்கிற அனுமதி. நல்ல நடைமுறை என்று அவர்களுடைய மெனேஜர் பாராட்டினார்.

கொஞ்ச காலத்துக்குப் பின் ஒரு நாள் காலையில் கறுவாவிலும் மிளகிலும் ஏலத்திலும் திரையில் மூன்று ஜன்னல் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அனுமதி கொடுக்கப் போனால் அந்தப் பக்கம் வரவில்லை.

“அக்கா, எனக்கு அனுமதிப் பக்கம் வருதில்ல. உங்களுக்கு வருதா?” என்று திரும்பாமலே கேட்டேன்.

அக்கா பின்னாலிருந்து சொன்னார், “பொறு தங்கச்சி. பாக்குறேன்.”

குரல் அடைத்திருந்தது. தடிமன், சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அழிக்கிற பொத்தான் சாம்பல் நிறமாகியது. அதற்குப் பின் நிறுத்துகிற பொத்தான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொடுப்பது, அழிப்பது, நிறுத்துவது. என் வரிசை. நான் எழுதிக் கொடுத்த அதே வரிசையில், எனக்குப் பின்னால் ஒரு கதிரை தூரத்தில் இருந்துகொண்டு, அக்கா என்னை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரம் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் இருந்தது, ஆகவே அவரைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

எழும்பி மெனேஜரின் கதவை உதைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஆனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அக்கா அழுவார். அழுதால், எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று அவர் மேல் பழி வரும். என்னை அனுப்புகிறவர்களுக்கு அவரையும் அனுப்ப நேரம் பிடிக்காது. இப்போது அவர் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் திறந்து வைத்திருக்கும் ஜன்னல்களை நானே மூடாமல் அவரால் அடுத்ததைத் தொட முடியாது. நான் விரும்பினால் அன்று முழுக்க அவரைக் காக்க வைத்திருக்கலாம்.

மிளகில் செய்துகொண்டிருந்ததைச் சேமித்து மூடினேன். ஏலத்தை மூடினேன். கறுவாவுக்குள் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது, அதையும் மூடினேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் விசைப்பலகை ஒரு தடவை தட்டப்பட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மெனேஜர் அறைக் கதவைத் திறந்து, “மிஸ், கொஞ்சம் வர முடியுமா?” என்று கேட்டார்.

மெனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். கொழும்பிலேயே அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்களாம், இங்கே ஒருவர் போதுமாம். நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அலுவிகாரையில் இருந்த என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் என் கணவர், “அந்த அக்காவுமா உனக்கு ஒன்னும் சொல்லல்ல?” என்று கேட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். அக்கா சொல்லாமல் இருந்ததற்காக நான் அவரை ஒரு நாளும் நொந்துகொண்டதில்லை. சொல்ல வழி இருந்தால் சொல்லியிருப்பார்.

வேலை இல்லாத நாட்கள் நீளமாக இருந்தன. கணவர் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. ஒரு காலையில் கை பழக்கத்தில் என் சொந்த லப்டொப்பைத் திறந்து, கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து உள்ளே போவதற்காக ஏற்படுத்திய வழியால் கந்தோர்ப் பக்கத்துக்குப் போனேன். அனுமதி இல்லை என்று அது சொல்லும், அதைப் பார்த்துவிட்டுப் போய்த் துணி துவைக்கலாம் என்று நினைத்தேன்.

பட்டியல் திறந்தது. மிளகு இல்லை, ஏலம் இல்லை, கராம்பும் சாதிக்காயும் இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது. கறுவா. பக்கத்தில் பச்சைப் புள்ளி. திறக்கப் பார்த்தேன், திறக்காது. மற்றப் பொத்தான்கள் எல்லாம் சாம்பல். பார்க்க மட்டும் அனுமதி. அக்கா மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு இந்த ஒன்றை விட்டு வைத்திருந்தார். மறந்துவிட்டார் என்று நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. மறக்கிற ஆள் அல்ல அவர். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பார்த்தேன். அது செய்யக்கூடாத காரியம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் பிடித்துக் கொடுத்திருப்பேன். இருந்தாலும் பார்த்தேன். பச்சைப் புள்ளியைப் பார்த்தால் அன்றைய சமையலைச் செய்யலாம், கடைக்குப் போகலாம், யாராவது பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லலாம். அக்கா எனக்கு அடிக்கடி போன் எடுத்துப் பேசுவார். நான் பார்க்கிறேன் என்று நான் சொல்லவில்லை. விட்டு வைத்தேன் என்று அவரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை பேச்சோடு பேச்சாக அக்கா சொன்னார், “வாற கிழமை கொழும்பில இருந்து ஆள் வாறாங்க. ஓடுற மெஷின் எல்லாத்திலயும் யார் யாருக்கு அனுமதி இருக்குன்னு ஒவ்வொரு பேரா பாக்கப் போறாங்களாம்.” சொல்லிவிட்டு மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

என் அனுமதிகள் எல்லாம் எடுத்தாயிற்று என்று அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார், அந்தக் கையெழுத்து வேண்டும் என்று நடைமுறையில் எழுதியதும் நான்தான். கறுவாவைப் பார்க்கும் பட்டியலில் வேலையை விட்டு அனுப்பிய ஒருத்தியின் பெயர் இருந்தால் அவர்கள் அதை அன்பு என்றா எடுப்பார்கள்? இங்கே இருக்கும் ஒரே ஆளையும் தூக்கக் காரணம் தேடுகிறவர்களுக்கு அது போதும். அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யட்டவத்தவுக்குப் போனேன். பஸ்ஸில் சந்தை நாள் போலச் சனம் நெரிந்தது. அக்கா வாசலில் என்னைக் கண்டதும் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவருடைய புருஷன் உள்ளே போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

“கறுவாவ எடுத்துடுங்க அக்கா” என்றேன்.

அவர் தெரியாத மாதிரி நடிக்கவில்லை. “பாக்க மட்டுந்தானே தங்கச்சி. அதால யாருக்கு என்ன?”

“பாக்குறதும் அனுமதிதான். நாளைக்கு அவங்க வந்து என் பேரக் கண்டா உங்க வேலை போகும். எடுங்க.”

“என்னால ஏலாது.”

“அக்கா!”

“ஏலாது தங்கச்சி. அன்னிக்கு நீயே ஒன்னொன்னா மூடிக் குடுத்த. நான் பின்னால இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். நீ திரும்பிப் பாத்துடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், நீ திரும்பவே இல்ல. அதுக்குப் பிறகு இதையும் என் கையால எடுக்கச் சொல்றியா? வேலை போனா போகட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. “போகட்டுமா? உயர்தரம் படிக்கிற பிள்ளைய வச்சுக்கிட்டு பேசுற பேச்சா இது? உங்களுக்கு மூளை இருக்கா?” என்று கத்தினேன். உள்ளே கோப்பைச் சத்தம் நின்றது. அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மேசையில் அவருடைய கந்தோர் லப்டொப் இருந்தது. அதை என் பக்கம் இழுத்தேன். கடவுச்சொல்லை மட்டும் அவர் போட்டுக் கொடுத்தார், போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொருவர் கணக்கில் கை வைத்த ஒவ்வொருவரையும் ஏசித் தீர்த்த நான், அக்காவின் கணக்கில் உட்கார்ந்து, கறுவாவின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து, என் பெயரைத் தேடினேன். பிந்தி எடுத்தது பதிவில் நிற்கும் என்று தெரியும். பிந்தியதற்கு மறதி என்று ஒரு சாட்டுச் சொல்லலாம், வைத்திருந்ததற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இவரை நீக்கவா என்று அது கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். என் பெயர் போய்விட்டது. நாங்கள் இருவரும் தேநீர் குடித்தோம், அதில் சீனி போட அவருடைய புருஷன் மறந்திருந்தார், நாங்களும் கேட்கவில்லை.

கொழும்பு ஆட்கள் வந்து போனார்கள். ஏன் ஒன்று பிந்தியது என்று கேட்டார்களாம், மறந்துபோனது என்று அக்கா சொன்னாராம், இனிக் கவனமாக இருங்கள் என்றதோடு விட்டுவிட்டார்கள். அதைக் கேட்ட அன்றுதான், பல நாட்களுக்குப் பின், நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பகலில் அக்கா போன் எடுத்தார். கந்தோர் நேரத்தில் அவர் எடுப்பதில்லை.

“தங்கச்சி, எல்லா விடுதியையும் அவங்க கொழும்பு மெஷினுக்கு மாத்திட்டாங்க. கறுவா இனி தேவையில்லையாம். இன்னிக்கு நிப்பாட்டச் சொல்லிட்டாங்க.” மூச்சு வாங்கினார். “இங்க வேற யாருக்கும் அந்த அனுமதி இல்ல. நான்தான் நிப்பாட்டணும். நீ போன்ல இரு.”

அடுப்பில் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

“உள்ள ஓடுறதையெல்லாம் முதல்ல ஒழுங்கா மூடுங்க அக்கா. ஒரேயடியா வெட்டாதீங்க.”

“சரி.”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு தட்டல் கேட்டது.

“நின்னுடுச்சு, தங்கச்சி” என்றார் அக்கா.

கந்தோரில் ஆட்கள் இருக்கும் நேரம், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார் என்று தெரிந்தது. பரவாயில்லை அக்கா, பரவாயில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். யட்டவத்த வரைக்கும் போய், சண்டை போட்டு, நான் அவருக்குக் காப்பாற்றிக் கொடுத்த வேலை இதுதான்.